ஏரியை மறைக்க ஒரு வரிசை

இலையுதிர்காலப் புயல் ஒன்று ஹெல்வியின் வீட்டு முன்னால் நின்ற ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை ஒரே இரவில் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. விடிந்ததும் காப்பிக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குள் வந்தவள் சன்னலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மரங்கள் இருந்த இடத்தில் ஏரி கிடந்தது.

ஆறு வருடமாக அவள் அந்த ஏரியைப் பார்க்கவில்லை. வசந்தம் தொடங்கும் நேரத்தில், உறைந்து கிடந்த அதைப் பனிவண்டியில் கடக்கப் போன அவள் கணவன் ஒஸ்மோ, பனி உடைந்து உள்ளே போய்விட்டான். பனி முழுதும் உருகிய பிறகுதான் உடல் கிடைத்தது. அன்றிலிருந்து கரைப்பக்கம் அவள் கால் வைத்ததில்லை.

இப்போது வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் ஏரி உறுத்தியது. மேசையை இழுத்துப் போட்டாள், நாற்காலியைத் திருப்பினாள், படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினாள். எதுவும் சரிப்படவில்லை. பழையபடி மரங்களை வளர்த்து ஏரியை மறைப்பதென்று முடிவு செய்தாள். தெற்கிலிருந்து விற்பனைக்கு வரும் கன்றுகள் இந்தக் குளிரைத் தாங்காமல் கருகிவிடும் என்பது ஊருக்கே தெரியும். இந்த மண்ணில் நின்ற மரத்தின் விதைதான் பிழைக்கும். விழுந்த மரங்களின் உச்சியில் கூம்புக்காய்கள் பழுப்பேறித் தொங்கின. நல்ல காய்ப்பு எப்போதாவதுதான் வரும். அந்த வருடம் வந்திருந்தது.

மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஒஸ்மோவின் தம்பி தௌனோ ரம்பத்தோடு வந்தான். அவள் கூம்புகளைச் சாக்கில் பறித்துப் போடுவதைப் பார்த்துச் சிரித்தான்.

“ஒரு திரை வாங்கி மாட்டுறத விட்டுட்டு, காடு வளக்கப் போறீங்களா அண்ணி?”

“மாட்டிப் பாத்தாச்சு. திரைக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுதே.”

“இது சன்னல் உசரம் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போயிருவோம்.”

“போனா போறோம். அந்த உச்சிக் கொப்ப மட்டும் முழுசா வெட்டிக் குடு.”

அடுப்போரச் சூட்டில் கூம்புகள் விரிந்து, தட்டினால் சிறகு முளைத்த விதைகள் உதிர்ந்தன. சிறகுகளைத் தேய்த்து நீக்கி, சீசாவில் அடைத்துக் குளிரில் வைத்தாள். குளிர்காலம் முழுக்க அதை எடுத்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பனி போனதும் பெட்டிகளில் மண் நிரப்பி விதைத்தாள். அதற்கப்புறமும் பொறுமை இல்லை. விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்ததில் ஒரு பெட்டி பாழானது. மற்றவற்றில் பச்சை ஊசிகள் கொண்டை கட்டிக்கொண்டு எழுந்தன. ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடச் சிறியது.

அந்தக் கோடையில் மழையே இல்லை. கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. பெட்டி மண் வெடித்து, முளைகள் ஓரத்திலிருந்து தலை சாயத் தொடங்கின. தௌனோ மீன்பிடிக்க வடக்கே போயிருந்தான். கூப்பிட்டால் வந்து சேர ஒரு நாளாகும். ஹெல்வி முற்றத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றினாள். அது போதவில்லை. கடைசியில் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு, யோசித்தால் நின்றுவிடுவோம் என்ற பயத்தில், விறுவிறுவென்று கரைக்கு இறங்கினாள்.

தண்ணீர் ஆடாமல் கிடந்தது. குனிந்து மொண்டபோது வாளி கல்லில் இடித்தது. முழங்கால் நனைய நின்றபடி அவள் ஏரியைப் பார்த்துப் பேசினாள்.

“பனி மெலிஞ்சு கெடக்குன்னு சொன்னேன்ல. சுத்திப் போன்னு சொன்னேன்ல, ஒஸ்மோ.”

அவன் இருந்திருந்தால் ஏதாவது கேலி சொல்லியிருப்பான். கொஞ்ச நேரம் நின்று அழுதாள். பிறகு முளைகளின் ஞாபகம் வந்து, வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். மழை வரும்வரை காலையும் மாலையும் அதே நடைதான்.

முளைகளில் பாதி பிழைத்தன. அவற்றிலும் சிலதைக் குளிர்காலத்தில் எலி தின்றது. சில கோடைகள் கழித்து, மீந்த கன்றுகளைப் பழைய வரிசையிலேயே தௌனோ நட்டுக் கொடுத்தான். கணுக்கால் உயரம்கூட இல்லை. அவற்றுக்கு மேலே ஏரி முழுதாகத் தெரிந்தது. அவள் காலம் வரைக்கும் தெரியத்தான் போகிறது.

“இப்ப நிம்மதியா?” என்று கேட்டான்.

அப்படியொன்றும் இல்லை என்றாள். இப்போதும் அவளால் ஓரிடத்தில் நெடுநேரம் உட்கார முடிவதில்லை. ஆனால் காலைக் காப்பியை அந்தச் சன்னலருகில் நின்றுகொண்டே குடிக்கிறாள்.