முறை வெயில்

உங்கள் ஊரில் சாயங்கால வெயிலை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்? எங்கள் ஊரில் போட்டோகிராபர்கள் சங்கம்தான் கொடுக்கிறது. சரியாக ஐந்து பத்துக்கு ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கும் மடையைத் திறப்பார்கள். வெயில் முதலில் கடைத்தெருவுக்கு வரும். அப்புறம் பள்ளிவாசல் தெரு, அப்புறம் கோயில் தெரு; தெருவுக்கு ஒரு மடை, மடைக்கு ஒரு எண். வயலுக்குத் தண்ணீர் வைப்பதுபோல ஒரு நாளைக்கு ஏழு பேருக்கு, ஆளுக்கு ஒன்பது நிமிஷம் முறை. முறை முடிந்ததும் பலகையைப் போட்டு அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். மிச்சம் மீதி இருந்தால் ஊருணிக்குப் போகும். அங்கே எருமைகள் கிடக்கும்.

எங்கள் தெரு கடைமடை. ஒரு நாளும் வந்து சேராது.

உச்சிவெயில் மட்டும் எல்லாருக்கும் பொது. அதைக் கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. நான் சங்கத்தில் சேராமல் வீட்டில் இருந்தே தனியாகத் தொழில் செய்கிறவள், அதனால் நான் எடுத்ததெல்லாம் பன்னிரண்டு மணிப் படங்கள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல நிழல் விழும், மூக்கு மட்டும் பளபளவென்று இருக்கும். பாஸ்போர்ட் சைஸுக்கு அது போதும்.

வினோதாவுக்குப் போதவில்லை.

வினோதா பத்தாம் வகுப்பு வரைக்கும் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுடைய வளைகாப்புதான் எனக்குக் கிடைத்த முதல் விசேஷ ஆர்டர். நல்ல நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்று ஜோசியர் குறித்துவிட்டார். எல்லாம் முடிந்து கேமராவின் பின்பக்கத்தில் படங்களைக் காட்டினேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்னடி இது, பேய்க்கு வளைகாப்பு போட்ட மாதிரி இருக்கு."

"வெயில் அப்படிடி."

"எனக்குச் சாயங்கால வெயில்ல ஒரே ஒரு படம் வேணும். அதை எடுக்காம நான் கார்ல ஏற மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வாசலில் கார் வந்து நின்றது. அவள் அம்மா நல்ல நேரம் பார்த்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்கினால் மறுபடியும் நேரம் பார்க்க வேண்டும். அதனால் அவர் இறங்கவில்லை. பெண் ஏறவும் இல்லை. காபியும் சாப்பாடும் கண்ணாடி வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

வயிறு இறங்கிவிட்டது, அதிகம் போனால் பத்து நாள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளைக்குள் எனக்கு நாலு நிமிஷ வெயில் வேண்டும். நான் சங்கத்துக்குப் போனேன்.

பிளெக்ஸ் கடைக்கு மேலே மாடியில் சங்கம். செயலாளர் அருணகிரி அண்ணன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் லென்ஸ் துடைக்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, எனக்கு நாலு நிமிஷம் வெயில் வேணும். நிறைமாசப் பொண்ணுக்கு."

"உறுப்பினராம்மா?"

"இல்லண்ணே. சேர்ந்துக்கிறேன்."

"தாராளமா சேரலாம். சாயங்கால வெயில்ல எடுத்த படம் மூணு வெச்சு மனு கொடு."

"சாயங்கால வெயில் உறுப்பினருக்குத்தானே கொடுப்பீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த மூணு படத்தை நான் எந்த வெயில்ல எடுக்கிறது?"

"அதுதாம்மா திறமைங்கிறது" என்று சொல்லி லென்ஸை ஊதினார்.

வெளியாட்கள் கூட்டத்துக்கு வரலாம், ஆனால் பேசக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பாப்பா என் மகள், இரண்டு வயது முடியப் போகிறது. கூட்டத்தில் எந்த லென்ஸ் உசத்தி என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். முடிவு வரவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். சமோசா கொடுத்தார்கள்.

பிறகு முறை வெயிலுக்கு எல்லாரும் தெருவுக்கு இறங்கினார்கள். நானும் பின்னாலேயே போனேன். முதல் ஆள் தன் முறையில் இரண்டாவது ஆளின் கேமராவைப் படம் எடுத்தார். இரண்டாவது ஆள் தன் முறையில் முதல் ஆளின் கேமராவைப் படம் எடுத்தார். மூன்றாவது ஆள் ஒரு சுவரை எடுத்தார். சுவரில் ஏதாவது இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. நாலாவது ஆள் ஸ்டாண்டை விரித்து மடக்கி விரிப்பதற்குள் அவருடைய ஒன்பது நிமிஷமும் காலடியிலேயே ஓடி ஊருணிக்குப் போய்விட்டது. வயிற்றெரிச்சலாக இருந்தது. தட்டில் வைத்த சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனால் எந்தப் பொம்பளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

மடையில் நிற்கும் சேவுகன் அண்ணன் என்னைக் கவனித்திருக்கிறார். அவர்தான் சங்கத்தின் வெயில்பாய்ச்சி. முழங்காலுக்கு மேலே கைலியை மடித்துக் கட்டி, தோளில் மண்வெட்டியோடு இருப்பார். ஊரில் கேமராவே இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி இப்படி வாடிப்போச்சு?"

சொன்னேன்.

"கோயில் தெருப் பலகையில ஒரு விரிசல் இருக்கு. அதுல சொட்டுச் சொட்டாக் கசியும். மடையில ஓடுறதுக்குத்தான் முறை. கசிவுக்கு யாரும் சொந்தக்காரன் கிடையாது. தூக்குவாளி கொண்டுவந்து வை."

"எந்த வாளின்னாலும் பரவாயில்லையாண்ணே?"

"எவர்சில்வர்தான். பிளாஸ்டிக்ல பிடிச்சா மூஞ்சியெல்லாம் பச்சை அடிக்கும்."

தினமும் சாயங்காலம் பாப்பாவை ஒரு இடுப்பிலும் தூக்குவாளியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாளைக்கு அரை டம்ளர் சேரும். மண்டகப்படிக்காகக் கோயில் தெருவை அலசிவிட்ட அன்று பலகை ஊறி விரிசல் அடைத்துக்கொண்டது, சொட்டுக்கூட விழவில்லை. எட்டு நாளில் வாளி கழுத்து வரை வந்தது. திறந்து பார்த்தால் மஞ்சள் போட்ட பால் மாதிரியே இருக்கும். பூச்சி விழாமல் தட்டைப் போட்டு மூடி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நிமிஷத்துக்குத் தாராளமாக வரும் என்று சேவுகன் அண்ணன் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னார். மறுநாள் வருகிறேன் என்று வினோதாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் அம்மா கார் ஹாரனை அடிக்கிற சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. உடனே போன் வந்தது.

"வாடி சீக்கிரம். இடுப்பைப் பிடிக்குது."

கேமராவை மாட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். பாப்பா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளிம்பை நக்கிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டியா?"

"காலி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அவள் வாயைத் திறந்தபோது பிரிட்ஜின் மேல் சாயங்கால வெயில் விழுந்தது. மூடினாள், போய்விட்டது. திட்டுவதற்கு நேரமில்லை. மூஞ்சியைத் துடைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வினோதா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளையல் ஒன்றையும் கழற்றவில்லை.

"வெயில் எங்கடி?"

"இவ வயித்துல இருக்கு."

"சரி, எடு."

உச்சிவெயில் கலந்தால் கெட்டுவிடும் என்று ஜன்னலை எல்லாம் அடைத்தேன். பாப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, "ஆ காட்டுடா செல்லம்" என்றேன். இறுக்கி மூடிக்கொண்டாள். திற என்றால் மூடுவதுதான் அவள் வழக்கம். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன், மூக்கால் மூச்சு விட்டாள். லேசாகக் கிள்ளினேன். அழுதாள். அழும்போது வெளிச்சம் வந்தது, ஆனால் தண்ணீரில் விழுந்த மாதிரி ஆடியது. ஒரு படமும் தேறவில்லை. வெளியே ஹாரன்.

"ஏய், பிள்ளையை அழவிடாதே" என்றாள் வினோதா. அவளுக்கு ஒரு வலி வந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "சாப்பிட்டாளா அவ?" என்றாள்.

"இல்லை."

நிறைமாதக்காரிக்குத் தினம் ஒரு வீட்டிலிருந்து சோறு வரும். அன்று பக்கத்து வீட்டுப் புளியோதரை. வினோதா தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தாள். நிலக்கடலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாய் உருட்டிப் பாப்பாவின் வாய்க்கிட்டே கொண்டுபோனாள். வளையல் சத்தம் கேட்டு பாப்பா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

வெயில் வினோதாவின் முகத்தில் விழுந்தது. நெற்றியில், கன்னத்தில், கழுத்துச் சந்தனத்தில், கண்ணாடி வளையல் ஒவ்வொன்றிலும் விழுந்தது. கண்ணுக்குக் கீழே நிழலே இல்லை. நான் அமுக்கினேன்.

பதினொரு வாய், பதினொரு படம். பன்னிரண்டாவது வாயைப் பாப்பா கையால் தள்ளிவிட்டாள். வினோதா கேமராவை வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு வலி வந்தது. அது போகும்வரைக்கும் கண்ணை மூடியிருந்து, திறந்து மறுபடி அதே படத்தைப் பார்த்தாள்.

"இது நானாடி?"

"நீதான்."

கேமராவைக் கொடுத்துவிட்டுத் தானே நடந்துபோய்க் காரில் ஏறினாள். "ராகு காலம் முடியப் பத்து நிமிஷம் இருக்கு" என்றார் அவள் அம்மா. டிரைவர் கேட்காமல் எடுத்துவிட்டார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

பதினொன்றில் நல்லதாக மூன்றை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். அருணகிரி அண்ணன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. எந்த மடை வெயில்?"

"கசிவுண்ணே."

"கசிவுக்கு மடை எண் கிடையாதே. எண் இல்லாம மனுவை வாங்க முடியாது."

"வெயில் தெரியுதா இல்லையாண்ணே?"

"தெரியுது. எண் தெரியலையே."

மனுவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் துவைத்த துணிகள் எல்லாம் நன்றாக வெளுத்தன.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு குரூப் போட்டோ. வருஷத்தில் ஒரு நாள், அன்றைய வெயில் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்துக்குத் திருப்பி, நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் ஒரே நிற டீசர்ட்டில் நிற்பார்கள். சேவுகன் அண்ணன் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போயிருந்தார். தேதி வைத்தவர்களுக்கு அது ஞாபகம் இல்லை. நாற்பத்திரண்டு பேரில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் ஒருத்தர் இல்லை. பலகையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். வெயில் மொத்தமும் ஊருணிக்குப் போய்விட்டது. எருமைகள் பித்தளைக் குடம்போல ஜொலித்துக்கொண்டிருந்தன.

ஐந்தரை மணிக்கு அருணகிரி அண்ணன் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"பாப்பா இருக்காளாம்மா?"

"சாப்பிடப் போறாண்ணே."

"அங்க வந்து சாப்பிடட்டுமே."

"என் மனு என்னாச்சுண்ணே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கொண்டுதான் வந்திருந்தார். பைக் சீட்டில் வைத்து, மடை எண் என்ற இடத்தில் 'பாப்பா' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். நான் தயிர்சாதக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன்.

மைதானத்தில் வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. கழுவித் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. மூன்று வரிசையாக ஆட்கள் நின்றார்கள், முன்வரிசைக்கு நாற்காலி. எதிரே பெஞ்சுபோட்டு அதன்மேல் பாப்பாவை உட்காரவைத்தேன். அருணகிரி அண்ணன் ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிவிட்டு, "ரெடி" என்றார். நான் ஒரு வாய் எடுத்துக்கொண்டு போனேன். பாப்பா வாயைத் திறந்தாள்.

நிலா வெளிச்சம் வந்தது. முந்தின நாள் பௌர்ணமி. கரண்ட் இல்லை என்று மொட்டைமாடியில் வைத்து நிலாச்சோறு ஊட்டியிருந்தேன். நாற்பத்தொரு டீசர்ட்டும் வெள்ளையாயின. முன்வரிசையில் ஒருவர் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் தும்மினார். நிலாவைப் பற்றிச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அருணகிரி அண்ணன் கேமராவில் எதையோ திருகினார். குனிந்து பார்த்தார், வெளிச்சம் போதவில்லை. மறுபடி திருகினார். பிறகு டீசர்ட் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து, பெஞ்சுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"தாயி" என்றார், "இருபது செகண்டு வாயை மூடாம இரும்மா."