இரண்டாவது பிள்ளையின் வலி

ஆவுடையாபுரத்தில் பிரசவ வலி, பிள்ளை பெறுகிறவளுக்கு வராது. வளைகாப்பன்று அவள் கையில் வளையல் போட்டவர்களுக்குத்தான் வரும். ஆறு பேர் போட்டிருந்தால் ஆறு பங்காகப் பிரிந்து போகும். அதனால் அந்த ஊரில் வளைகாப்புக்குப் போவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வளையல் போடாமல் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தின்றுவிட்டு நைசாக நழுவுகிறவளை, அவள் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

செண்பகவல்லிக்கும் ஏழாம் மாதம் முறைப்படி வளைகாப்பு நடந்தது. அம்மா, சித்திமார், அத்தைமார் என்று ஆறு பேர் வளையல் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு பேர் தாராளம். ஆனால் எட்டாம் மாத ஸ்கேனில், முதல் பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை எட்டிப் பார்த்தது. அதுவரை எடுத்த எந்த ஸ்கேனிலும் அது முகம் காட்டவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

டாக்டர் எஸ்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"முதல் பிள்ளைக்குத் தலை கீழே இருக்கு. அது தானா வந்துரும். ரெண்டாவது குறுக்கே படுத்திருக்கு. முதல் பிள்ளை இறங்குனதும் இடம் கிடைச்சு அதுவாத் திரும்பலாம். திரும்பலைன்னா நான் வயித்து மேல கை வச்சுத் திருப்பிப் பார்ப்பேன். அதுக்கும் மசியலைன்னா ஆபரேஷன்."

"வலி, டாக்டர்?" என்றாள் செண்பகவல்லி. பாவம், அவள் மனசெல்லாம் அதில்தான் இருந்தது.

"முதல் பிள்ளை வலிக்கு ஆள் இருக்கு. ரெண்டாவதுக்கு யாரும் வளையல் போடலையே. அந்த வலி உனக்குத்தான் வரும்."

பங்கு பிரிக்காத முழு வலியைத் தனியாளாகப் பட்டவள் அந்த ஊரில் யாரும் இல்லை. எப்படி இருக்கும் என்று விசாரிக்கக்கூட ஆள் இல்லை. செண்பகவல்லி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதுகுல ஊசி போட்டுருங்களேன்."

"போடலாம். ஆனா கையில வளையல் இருக்கிற வரைக்கும் உனக்குப் போடுற மருந்து உங்க அம்மாவுக்கும் சித்திக்கும்தான் போய்ச் சேரும். வளையலைக் கழட்டினா உனக்கு வேலை செய்யும். ஆனா முதல் பிள்ளை வலியும் உன்கிட்ட திரும்பி வந்துரும். ஆபரேஷன்னாலும் வளையலைக் கழட்டணும், மரத்துப்போக ஊசி உண்டு, அதுவும் நல்ல வழிதான். யோசிச்சுச் சொல்லு." டாக்டர் பேனாவை மூடினார். "ஆமா, வளைகாப்புக்கு வரவேண்டியவங்க யாராவது வராம இருந்தாங்களா? அவங்க இப்ப வந்து போட்டாலும் செல்லும்."

இருந்தாள் ஒருத்தி. செண்பகவல்லியின் நாத்தனார் பகவதி.

நடந்தது இதுதான். நாத்தனார் வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய், "மதினி, வந்து வளையல் போட்டுத் தாங்க" என்று வாய்நிறையக் கூப்பிட வேண்டும். செண்பகவல்லியோ வெயிலுக்குச் சோம்பிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்பில் பத்திரிகையைப் போட்டுவிட்டாள். மற்றவர்களெல்லாம் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பகவதி பார்த்தாள், இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. செண்பகவல்லியின் புருஷன் கோமதிநாயகம் அக்காளிடம் தூது போனான். "எனக்கென்னல கோவம்? கூப்பிட வேண்டியவ வரட்டும், கூப்பிடட்டும், வாரேன்" என்று சொல்லி அவனுக்கு முறுக்கும் காப்பியும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"போயேன்" என்றான் அவன் வீட்டுக்கு வந்து.

"என்னைக் கெஞ்ச வைக்கப் பாக்காங்க. நான் ஆபரேஷனே பண்ணிக்கிடுதேன்" என்றாள் செண்பகவல்லி. மறுநாள் ஊசி என்றாள். அதற்கு மறுநாள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னாள். இப்படி நாளுக்கொரு வழியாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலையில், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தாள்.

"ஏட்டி, கெளம்பு. உனக்கு வலி வந்துட்டு."

ஆஸ்பத்திரியில் ஆறு பேரும் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்தார். வலி இருக்கிற இடத்துக்குத்தானே ஊசி? ஒவ்வொருவராகக் குனியச் சொல்லி முதுகில் போட்டுக்கொண்டே போனார். "அம்மாடி, இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்று சின்னச் சித்தி கால் மரத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள். உள்ளே செண்பகவல்லி டாக்டர் சொன்னபோதெல்லாம் முக்கினாள். முதல் பிள்ளை, ஆண், வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. கணீரென்று அழுதது. அவளுக்கு ஒரு எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டாள்.

சிரித்து முடிப்பதற்குள் இரண்டாவது பிள்ளையின் வலி வந்தது.

அதை என்னவென்று சொல்வது! அதுவரை வலி என்றால் பல்வலி, காதுவலி என்று நினைத்திருந்தவளை அது முழுசாகச் சுருட்டி மடக்கிப் போட்டது. மூச்சுவிட மறந்தாள். பிள்ளை குறுக்கே படுத்தபடியே இருந்தது. டாக்டர் எஸ்தர் வயிற்றில் கை வைத்தார். செண்பகவல்லி இறுகிப்போய்க் கிடந்ததால் பிள்ளை இம்மிகூட அசையவில்லை.

"நீ இப்படி இறுக்குனா என்னால திருப்ப முடியாதும்மா. பிள்ளை ரொம்ப நேரம் தாங்காது. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லட்டுமா? இல்ல, உன் நாத்தனாரைக் கூப்பிடுதியா? எதிர்த்த டீக்கடையிலதான் இருக்காங்க, காலையிலேருந்து."

ஆமாம், பகவதி வந்திருந்தாள். தகவல் தெரிந்ததும் போட்டது போட்டபடி வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. "கூப்பிடாத இடத்துக்கு நான் போக மாட்டேன். டீ குடிக்கிறதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம்லா?" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லியின் வீம்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "கூப்பிடுதேன் டாக்டர். ஐயோ, இப்பவே கூப்பிடுதேன்."

"நேர்லதான் கூப்பிடணும்."

"எப்படி எந்திரிப்பேன்?"

"கட்டிலுக்குச் சக்கரம் இருக்கே" என்றார் டாக்டர்.

கோமதிநாயகம் ஓடிப்போய் வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்தான். நர்ஸ், கத்தரிக்கோல் வைக்கிற தட்டைக் கழுவி அதில் அடுக்கிக் கொடுத்தாள். கட்டில் வெளியே வந்தது. தியேட்டர் ஆட்கள் எதற்கும் தயாராக வாசலில் நின்றார்கள். ரோட்டில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்ட, திருச்செந்தூர் பஸ் நின்று வழிவிட்டது. வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் டாக்டர் எஸ்தர் கூடவே நடந்து வந்தார். பஸ்ஸில் இருந்த ஒரு அம்மாள், "ரெட்டையா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் டாக்டர்.

கட்டில் டீக்கடை பெஞ்சோரம் போய் நின்றது. செண்பகவல்லி இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். தட்டு சரிந்து பாக்கு உருண்டது.

"மதினி... தப்பு என் மேலதான். வெயிலுன்னு சோம்பிட்டேன். வந்து வளையல் போட்டுத் தாங்க. என்னால தாங்க முடியல மதினி."

பகவதி கிளாஸைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது அவளுக்கு. "இதை ரெண்டு மாசம் முந்தி சொல்லியிருந்தா என்னவாம்? கிறுக்கச்சி! நீ கூப்பிடுவேன்னு நான் அன்னைக்குத் தலைகுளிச்சுட்டு வாசல்லயே நின்னேன் தெரியுமா?" என்றபடி வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பையிலிருந்து இரண்டு பச்சை வளையல்களை எடுத்தாள். அளவு கச்சிதம். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று.

இரண்டாவது வளையல் ஏறியதும் வலி விட்டது. பெருமழை சட்டென்று நின்றது போலிருந்தது. பகவதி பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்து, "யாத்தே!" என்று ஒரு சத்தம் போட்டாள். மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு ஓடி வந்தார்.

"தூரப் போங்க சார். ஒரு பயலும் கிட்ட வரக்கூடாது. நான் முழுசாப் பட்டுக்கிடுதேன்."

செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. "மதினி, கொஞ்சம் எனக்கும் குடுங்க. ஒரு வளையலை வேணும்னா கழட்டட்டுமா?"

"கைய எடுட்டி! முறையாத் தட்டு வச்சுக் குடுத்தது. திருப்பித் தர மாட்டேன்" என்றாள் பகவதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

செண்பகவல்லியின் உடம்பு தளர்ந்துவிட்டது. டாக்டர் எஸ்தர் அங்கேயே வயிற்றில் இரு கையும் வைத்து மெல்ல வழித்தார். பிள்ளை ஒருமுறை முண்டியது. தலை கீழே வந்தது. "திரும்பிட்டு" என்றார் டாக்டர். கடைக்காரர் பாய்லருக்குக் கும்பிடு போட்டார். கட்டிலைத் திருப்பி உள்ளே தள்ளினார்கள். பின்னாலேயே பகவதி, கோமதிநாயகத்தின் தோளில் தொங்கிக்கொண்டு, அவன் தலையில் நாலு குட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பிள்ளையும் பிறந்தது. பெண்.

ஆனால் அது அழவில்லை.

மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. வாயை அகலமாகத் திறந்து, முகம் சிவக்க, கையைக் காலை உதறியது. சத்தம் மட்டும் இல்லை. நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். பக்கத்தில் கிடந்த அண்ணன்காரன்கூடத் தன் அழுகையை நிறுத்திவிட்டான். செண்பகவல்லி டாக்டரின் முகத்தையே பார்த்தாள். வெளியே பெஞ்சில் ஆறு பேரும் கையைப் பிசைந்தார்கள்.

அப்போது பகவதியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி.

"யக்கா, எங்க இருக்கீக? பூட்டுன ஒங்க வீட்டுக்குள்ள பச்சப்பிள்ள அழுத சத்தம் கேக்கு. வீல் வீல்னு கத்துது. தெருவே கூடி நிக்கி."

பகவதி போனை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் எஸ்தர் காதில் வைத்து, பிள்ளையின் வாயைப் பார்த்தபடியே கவனமாகக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

"நல்லா அழுதுட்டு, நேர்ல போய்க் கூப்பிட்டிருக்க வேண்டிய வீட்டுல. நேரம் எழுதிக்கோங்க சிஸ்டர்."

செண்பகவல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். பகவதி இடுப்பிலிருந்து சாவியை உருவித் தம்பியிடம் எறிந்தாள்.

"ஓடுல, ஆட்டோவுல போ. கதவை மெதுவாத் திற, பயந்துரும். கொடியில என் துண்டு கெடக்கும், அழுகையை அதுல சுத்தி எடுத்துட்டு வா. வெளியே வெயிலு."