ஆறாம் காம்பராவின் எல்லை

மலை அசையாது, அதனால்தான் அரசர்கள் அதை நம்பி எல்லை போட்டார்கள் என்று புத்தகம் சொன்னது. ஹட்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் கஜேந்திரன் வாங்கியது. நாடுகளின் தலையெழுத்தை எழுதுவது மந்திரிமார் இல்லை, மலைகளும் ஆறுகளும் குறுகலான கடல்வழிகளும்தான் என்பதை நானூறு பக்கத்தில் நிறுவியிருந்தார்கள். மூன்று நாளில் வாசித்து முடித்தவன், நாலாம் நாள் உலக அரசியலைத் தேடி லயத்தின் பின்பக்கம் போனான். அது அங்கே தயாராக இருந்தது.

றொசல்லைக்கு மேலே இருந்த அவர்களுடைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் பத்து ஒற்றையறை வீடுகள் ஒட்டி நின்ற வரிசை, மலைச்சரிவில் படிக்கட்டுப் போல இறங்கும். உச்சியில் முதலாம் காம்பரா, அடியில் பத்தாம் காம்பரா. பெருமழைக்குப் பிறகு மண்சரிவு பார்க்க வந்த அதிகாரி, பக்கத்துத் தேயிலைச் சரிவில் கிடந்த ஒரு கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். கல் கிடந்தது ஐந்தாம் காம்பராவுக்கு நேரே. அதுவரை அபாயம், அதற்குக் கீழே அபாயமில்லை. மேலே உள்ள ஐந்து குடும்பத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் இடம், பிறகு வேறிடத்தில் வீடு.

கஜேந்திரனுடையது ஆறாம் காம்பரா. இரண்டு பெரிய நாடுகளைப் பிரித்து வைக்க இமயமலை வேண்டியிருந்தது. இங்கே ஒரே சுவரின் இரண்டு பக்கத்தைப் பிரிக்க அரை டின் பெயின்ட் போதுமாயிருந்தது.

உள்ளே அவனுடைய அக்கா பூரணி பதினெட்டு நாள் குழந்தையோடு படுத்திருந்தாள். வெளியே சரிவு வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போனது. அடியில் குளிர்ந்த காற்று, யாரோ மெல்ல மூச்சு விடுவது போல.

"அஞ்சாம் காம்பராவுல மண்ணு விழும், ஆறுல விழாதாம்மா? மண்ணுக்கு நம்பர் வாசிக்கத் தெரியுமா?"

"படிச்சவங்க அளந்துட்டுப் போயிருக்காங்க. பச்சப் புள்ளைய மண்டபத்து சிமெந்துல கெடத்தச் சொல்றியா?" என்றாள் அம்மா அன்னம்மா.

மறுநாள் விடிந்ததும் கல்லை ஒரு காம்பரா கீழே உருட்டிவிடப் போனான். உலக வரலாற்றில் ஓர் எல்லையை மாற்ற இவ்வளவு சின்னப் படை புறப்பட்டதில்லை.

ஆனால் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. முன்னால் வெற்றிலை, அதன்மேல் சூடம் எரிந்த கரி வட்டம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் முன் ஒவ்வொரு மலையிலும் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். சரிவில் சிவப்பாக ஒரு கல்லைக் கண்டால் அது யாரென்று விசாரிக்கமாட்டார்கள்.

"கைய எடுடா," என்றாள் பின்னால் வந்து நின்ற அன்னம்மா.

"இது சாமியில்லம்மா. அளக்க வந்தவரு பெயின்ட் அடிச்ச கல்லு."

"பொட்டு வச்சாச்சுல்ல?"

கஜேந்திரன் கையை எடுத்தான்.

அடுத்த நாள் காலை, கல் ஆறாம் காம்பராவுக்கு நேரே இருந்தது.

அன்னம்மா முதலில் மகனின் முதுகில் ஒன்று வைத்தாள். ஐந்தாம் காம்பரா நல்லமுத்து, மண்டபத்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டே கேட்டார்: "என்னா தொரை, சாமியையே கடத்திட்டீங்களாமே? ஏழாம் காம்பராக்காரன் பெட்டிசம் எழுதுறானாம்."

கஜேந்திரன் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. அவனுக்கே தன்மேல் லேசான சந்தேகம் இருந்தது. போய்ப் பார்த்தான். உருட்டிய தடமில்லை. வெற்றிலை கலையவில்லை. கரி வட்டம்கூட அப்படியே இருந்தது.

"இப்ப நாமளும் அபாயத்துலதாம்மா இருக்கோம். கெளம்புவோம்."

"சாமி நம்ம வாசலுக்கே வந்திருக்கு. இனி எங்கடா போறது?"

மூன்றாம் நாள் மூடுபனி. பூரணி ஜன்னலைக் காட்டி, "தம்பி, கொய்யா மரத்த யாரு வெட்டினா?" என்றாள். அவன் பிறந்ததிலிருந்து அந்த ஜன்னலுக்கு நேரே நின்ற மரம். இப்போது அங்கே ஊற்றுத் தண்ணீர் கொட்டும் ஒரு பீலிக் குழாய் இருந்தது, நாலாம் காம்பராக்காரர்கள் குளிக்கும் பீலி. தண்ணீர் வரவில்லை.

வெளியே ஓடினான். கொய்யா மரம் எட்டாம் காம்பராவுக்கு நேரே, ஓர் இலைகூட வாடாமல் நின்றது. கல் ஏழாவதற்கு நேரே. லயம் பாறைமேல் இருந்ததால் இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்துச் சரிவோ நிரை கலையாமல், தேயிலையும் பூவும் பொட்டுமாக, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. ஒரு கால் லயத்துக் கல்படியிலும் மறு கால் மண்ணிலும் வைத்து நின்று யோசித்தான். கால்கள் அகன்றன. அவன் அகட்டவில்லை.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் நகரவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டான். "மெப்ல கல்லு அஞ்சுக்கு நேரதானே இருக்கு," என்றார் அவர்.

வரைபடத்தையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு, அம்மாவின் முன்னால் குந்தினான்.

"அம்மா, நான் அத தொடவேயில்ல. சாமியே எறங்கிப் போவுது. அது போற எடத்துல நாம மட்டும் உக்காந்திருந்தா மரியாதையா?"

அன்னம்மா எழுந்து, ஜன்னலில் அந்தப் பீலியைப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க அது ஜன்னலின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"புள்ளைய துணியில சுத்துடி, பூரணி."

ஒவ்வொரு கதவாகத் தட்டி, மிச்சமிருந்தவர்களையும் கிளப்பிக்கொண்டு இறங்கினார்கள். ரோட்டு வளைவில் மூடுபனி கொஞ்சம் விலகியது. பத்துக் கதவும் திறந்தபடி, பத்துக் கூரையும் முழுசாக இருந்தன. கொய்யா மரம் பத்தாம் காம்பராவையும் தாண்டி, நேராக நிமிர்ந்தபடி, பின்னால் பொட்டு வைத்த கல்லோடு, ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அன்னம்மா கும்பிடவில்லை.

"வெரசா நடங்க," என்றாள்.