சிலுவைக் குறி போட்ட முனை

"பிளஸ் முனையை முதல்ல கழட்டும்மா. சிலுவையைக் கடைசியிலயா தொடுவாங்க?" என்றார் வேதசிரோமணி.

கார் பேட்டரிமேல் குனிந்திருந்த ஜெரூஷா ஸ்பேனரை மறுபடியும் கீழே வைத்தாள். காலையிலிருந்து இதே பேச்சு.

"அங்கிள், அது சிலுவை இல்ல, கூட்டல் குறி. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழட்டினா, ஸ்பேனர் கார் பாடியில லேசா பட்டாலே பொறி பறக்கும். மைனஸை முதல்ல எடுத்துட்டா அந்தப் பயம் இல்ல."

"நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. நல்ல காரியத்தை மைனஸ்லயா ஆரம்பிக்கிறது?"

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கேட்டருகே நின்ற அவர் மனைவி ஜெயசீலி சொன்னார்: "சபைக் கமிட்டியில பேசற மாதிரியே பேட்டரிகிட்டயும் பேசறீங்களே. அது ஓட்டு போடாது."

குருத்தோலைப் பவனியில் பாட்டு ஒலிக்கும் பழைய கூம்பு ஸ்பீக்கர் இந்த வாரம்தான் செத்துப்போனது. வேதசிரோமணி தன் காரைத் தருவதாகச் சொன்னார். பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெரூஷா, அதில் ஆம்ப்ளிஃபையரும் வேறு ஸ்பீக்கரும் மாட்டித் தருவதாக ஒப்புக்கொண்டாள். பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்று பாடிய ஞானசௌந்தரி அக்கா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மாடி அறையில் படுத்திருந்தார். "என் ஜன்னலுக்குக் கேக்கற மாதிரி ஒரு பாட்டு போட்டுட்டுப் போங்கடி" என்று அவர் கேட்டபோது, சரி என்று வாக்குக் கொடுத்தவள் ஜெரூஷா.

மைனஸைக் கழற்றினாள். வேதசிரோமணி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

அடுத்த சண்டை ஃப்யூஸுக்கு வந்தது.

"ஆம்ப்ளிஃபையர்லயே ஒரு ஃப்யூஸ் இருக்கே. பேட்டரி பக்கத்துல இன்னொண்ணு எதுக்கு? விசுவாசம் இல்லையா உனக்கு?"

"அந்த ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையருக்கு. இங்கேயிருந்து டிக்கி வரைக்கும் போற வயரை யாரு காப்பாத்தறது? நடுவுல எங்கேயாவது உரசினா வயரே பத்திக்கும். பின் சீட்ல ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க உட்காரப்போறாங்க அங்கிள்."

அவர் பின் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

இன்ஜின் பக்கத்துத் தகட்டின் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு, அதன் வழியாக வயரை உள்ளே இழுத்தாள். டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் வயரை முடுக்கியபோது, தன் பல்லைச் சுரண்டியதுபோல் அவர் முகம் சுளித்தார். எல்லாம் முடிந்து பேட்டரிக்குத் திரும்பியபோது அவள் அவரைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"அங்கிள், கழட்டும்போதுதான் மைனஸ் முதல்ல. மாட்டும்போது பிளஸ்தான் முதல்ல. நீங்களே மாட்டுங்க."

ஸ்பேனரை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிளஸை முடுக்கினார். மைனஸை அவள் மாட்டி, ஃப்யூஸை வைத்தாள். பாட்டைப் போட்டதும் தெருவெல்லாம் கேட்டது.

"ஸ்தோத்திரம்!" என்று கூவியபடி அவர் ஓட்டுநர் சீட்டில் ஏறினார்.

"சீட்டை நகர்த்தாதீங்க! கீழே வயரை இன்னும் கிளிப் போட்டு—"

நெட்டை மனிதர். பழக்கதோஷத்தில் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டார். டப் என்றது. பாட்டு நின்றது.

ஜெரூஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கார்ப்பெட்டைத் தூக்கினாள். சீட்டு நகரும் இரும்புத் தண்டவாளம் வயரின் தோலைக் கடித்திருந்தது. புகை இல்லை, தீய்ந்த வாசனையும் இல்லை. ஃப்யூஸ் மட்டும் கருகியிருந்தது.

"எல்லாம் போச்சா?" என்றார் அவர், மெல்ல.

"இது ஒண்ணுதான் போச்சு. மத்தது போகாம இருக்கத்தான் இது. ஆனா வேற ஃப்யூஸ் என்கிட்ட இல்ல."

அந்தச் சின்னக் கருகலைத் தன் உள்ளங்கையில் வைத்து அவர் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வெயிலில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப்பை நிறைய ஃப்யூஸ்.

"பவனிக்கா, கடை வைக்கவா?" என்றார் ஜெயசீலி.

அதற்குள் ஜெரூஷா வெட்டுப்பட்ட வயரை மாற்றி, சீட்டுக்கு எட்டாத ஓரமாகக் கொண்டுபோய்க் கிளிப் போட்டிருந்தாள். இனிமேல் சீட்டை எப்படி வேண்டுமானாலும் தள்ளலாம் என்றும் சொன்னாள்.

அவர் தள்ளவில்லை. மறுநாள் பவனி முழுவதும், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, மடங்கி உட்கார்ந்தே ஓட்டினார். ஞானசௌந்தரி அக்காவின் ஜன்னலுக்குக் கீழே காரை நிறுத்தி, பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார். மேலே கம்பிகளுக்கு நடுவே ஒரு குருத்தோலை அசைந்தது.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார் ஜெரூஷாவிடம், கால் மரத்துப்போன குரலில்.