தொழுவத்து ஜன்னல்

செத்தவனின் காலில் மாட்டுவதற்கு முன்னால் இல்தே அந்தக் கறுப்பு ஷூவைக் கவிழ்த்துப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள் ஃபோஸ்கா.

"தேள் இருக்கும்."

"இனிமே தேள் கொட்டி என்ன ஆகப்போகுது அவனுக்கு?"

இல்தே அடுத்த ஷூவையும் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. அந்த வீட்டில் தட்டாமல் ஷூவுக்குள் கால் விட்டவர்கள் கிடையாது. புருஷன் போய்விட்டான் என்பதற்காகக் கை தன் வழக்கத்தை விட்டுவிடுமா என்ன. கயிற்றை முடிச்சுப் போட்டு, முடிச்சை இழுத்துப் பார்த்து, எழுந்து நின்றாள்.

லெயார்கோ காலையில் பின்சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான். இடையில் ஓய்வுக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் காபி கொண்டுபோனபோது பூச்சுக் கரண்டி மடியில் இருந்தது. வாளியில் சுண்ணாம்பு இன்னும் இறுகக்கூட இல்லை. டாக்டர் வந்தார், கையெழுத்துப் போட்டார், போனார். மலையடிவாரக் கிராமத்திலிருந்து அவனுடைய அக்கா ஃபோஸ்கா வந்து சேர்ந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் முகக்கண்ணாடிக்கெல்லாம் துணி போட்டாள். இரண்டாவது வேலையாக, இல்தேயின் அலமாரியைத் திறந்து கறுப்பு உடையை அவளே தேர்ந்தெடுத்தாள். நாத்தனார் எந்த ஊரிலும் நாத்தனார்தான்.

மாடிப்படி குறுகல், சவப்பெட்டி திரும்பாது. அதனால் அவனைக் கீழே, பழைய தொழுவத்தில் கிடத்தியிருந்தார்கள். இப்போது அது தொழுவம் இல்லை. மோதெனா நகரத்து ஓட்டுத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற கையோடு இருவரும் இந்த மலைக்கு வந்து, முதலில் சீர்செய்த அறை இது. சாணி வாடையைப் போக்கவே ஒரு கோடை பிடித்தது. தரைக்குச் செம்மண் ஓடு, சுவருக்கு வெள்ளை, மாடு எட்டிப்பார்த்த பொந்துக்கு நல்ல ஓக் மரத்தில் ஜன்னல். இல்தே அந்த அறையை மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு, வாசலில் நின்று, யாரையும் உள்ளே விடாமல் ஒரு நாள் முழுக்க அழகு பார்த்தாள்.

அடுத்த வசந்தத்தில் தகைவிலான் குருவிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அந்தக் கண்ணாடியில் முட்டின.

பரம்பரை பரம்பரையாக அந்தத் தொழுவத்து உத்தரத்தில் கூடு கட்டியவை அவை. மாடு போனதும் தெரியாது, மெழுகு வந்ததும் தெரியாது. லெயார்கோ அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏணியைக் கொண்டுவந்து மேல்பக்கக் கண்ணாடி ஒன்றைப் பெயர்த்து எடுத்துவிட்டான். அன்று தொடங்கியது சண்டை. கூரைக்குள் வால்நட்டை உருட்டி விளையாடும் கொழுத்த மர எலிகளை இல்தே பொறுத்துக்கொண்டாள். உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிண்டும் முள்ளம்பன்றியைப் பொறுத்துக்கொண்டாள். தன் மெழுகுத் தரையில் எச்சம் விழுவதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நாம வர்றதுக்கு முன்னாடியே அதுங்க இங்க இருந்துச்சு, இல்தே."

"வீட்டுப் பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்ல. அதனாலதான் வாடகை வேணாம்னு நான் சொல்றேன்."

இப்படி வருஷா வருஷம். ஏப்ரலில் ஆரம்பித்து, செப்டம்பரில் குருவிகள் கிளம்பும்வரை. அவள் கத்துவாள், அவன் சுண்ணாம்பைக் கிளறுவான்.

இப்போது ஜூன். கூட்டில் குஞ்சுகள் இருந்தன. கால் வாசலைப் பார்க்கக் கிடத்த வேண்டும் என்பது முறை. அப்படிக் கிடத்தியதில் அவன் நெஞ்சு நேராகக் கூட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

அடக்கக்காரன் நேவியோ பிணத்துக்கு அடியில் குளிர்பலகையைச் செருகி, மின்சாரம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான். "சிஞ்ஞோரா, அடக்கம் நாளைக்குக் காலையிலதான். ஜன்னல மூடினாத்தான் குளிர் நிக்கும். ஈயும் வராது."

"நான் அப்பவே சொல்றேன்" என்றாள் ஃபோஸ்கா. "உயிர் போறதுக்குத்தான் ஜன்னலத் திறந்து வைக்கிறது. போயாச்சு. இனிமே மூடிடணும். இல்லேன்னா திரும்பி வந்துரும்."

"வந்தா வரட்டும். அவன் வீடுதானே" என்றாள் இல்தே.

ஃபோஸ்கா சிலுவை போட்டுக்கொண்டாள். தாய்ப்பறவை ஒன்று ஜன்னல் வழியாகப் பாய்ந்து வந்து நேவியோவின் வழுக்கையை உரசுவதுபோல் திரும்பி உத்தரத்துக்குப் போனது. குஞ்சுகள் கிறீச்சிட்டன. அது வெளியே போன கையோடு, சொட்டென்று ஒன்று விழுந்தது. கல்யாணத்துக்குத் தைத்து, இரண்டு முறை பிரித்துத் தைத்த கோட்டின் மார்பில், வெள்ளையாக.

"ஐயோ, என் தம்பி நெஞ்சுல!" ஃபோஸ்கா கைக்குட்டையை எச்சிலால் நனைத்து அழுத்தித் துடைத்தாள். "ஊரே சாயந்திரம் ஜெபமாலைக்கு வரப்போகுது. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்ட கதையா, மனுஷன் இருக்கற வீட்டுல குருவிக்குக் கதவத் திறந்துவிட்டான். நேவியோ, ஜன்னல் பலகைக் கதவ இழுத்துச் சாத்து."

"சாத்தாத" என்றாள் இல்தே.

"குஞ்சு சாயந்திரத்துக்குள்ள செத்தா போயிரும்?"

"செத்துரும். பகல் பூரா தீனி வேணும் அதுங்களுக்கு."

ஃபோஸ்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதப் பேசறது நீயா? எத்தன தடவ எங்கிட்டப் புலம்பியிருக்கே! சந்தையில வச்சு, கோயில் வாசல்ல வச்சு. அந்தக் கூட்ட விளக்கமாத்தால இடிச்சுத் தள்ளுவேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"பின்ன?"

"உங்கிட்டச் சொன்னேன், அவன்கிட்டயும் சொன்னேன். தினமும் சொன்னேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை, ஃபோஸ்கா. அவன் வாயத் திறக்க முடியாமக் கிடக்கற அன்னிக்குப் பாத்து நான் ஜெயிக்கணுமா? எனக்கு வேணாம் அந்த ஜெயிப்பு."

ஃபோஸ்காவுக்கு இது புரிந்ததோ இல்லையோ, பேசி ஆகாது என்பது புரிந்தது. அவளே ஜன்னலைப் பார்த்து நடந்தாள். இல்தே குறுக்கே போய், முதுகை ஜன்னலில் வைத்து நின்றுகொண்டாள்.

"நகரு."

"சாத்தணும்னா என்னையும் வெளிய வச்சுச் சாத்து. நாளைக்கு உன் தம்பிய நீ மட்டும் அனுப்பி வை."

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். நேவியோ குளிர்பலகையின் விசையைக் கூட்டி வைத்தான். அவனால் முடிந்தது அதுதான். மறுபடி பறவை வந்தது. மறுபடி எச்சம் விழுந்தது. இந்த முறை கழுத்துப்பட்டையில். ஃபோஸ்கா விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

இல்தே விறுவிறுவென்று வாசல் நடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் லெயார்கோவின் பச்சைக் குடை இருந்தது; காட்டுப்பன்றியைக் கலைக்கப் போகும்போது எடுத்துப்போவானே, ஆட்டிடையர் குடை, ஒரு குடும்பமே நிற்கலாம்.

"விரிக்காத!" ஃபோஸ்கா அலறினாள். "வீட்டுக்குள்ள குடைய விரிச்சா சாவு விழும்!"

"விழுந்தாச்சு" என்று சொல்லிவிட்டு இல்தே குடையை விரித்தாள்.

நேவியோவின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குள் போய், கெட்டது அண்டாமலிருக்க இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டது. தினமும் பிணத்தோடு புழங்குகிறவன். ஆனாலும் வீட்டுக்குள் விரிந்த குடைக்கு அவனிடம் மருந்து இல்லை. இல்தே நாற்காலியை இழுத்துப் புருஷனின் தோளருகே போட்டு உட்கார்ந்து, அவன் நெஞ்சுக்கு மேல் குடையைப் பிடித்தாள்.

சாயந்திரம் ஊர் வந்தது. ஒவ்வொருவராக வாசலில் தொப்பியைக் கழற்றினார்கள், குடையைப் பார்த்தார்கள், நின்றார்கள். ஆண்களின் கைகள் பைக்குள் சாவி தேடின. பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இல்தே ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் போனார்கள்.

பக்கத்துப் பண்ணைத் துயீலியோ மட்டும், வேட்டைக்காரன், காட்டுப்பன்றியைக் கலைத்துவிடுகிறான் என்று லெயார்கோவோடு ஜென்மப் பகை, காலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உயிரோட இருந்தப்ப அதுங்களுக்குக் கொட்டகை போட்டான். இப்ப கக்கூஸும் கட்டிக் குடுத்துட்டான்."

அறை திடுக்கிட்டது. முதலில் சிரித்தது இல்தேதான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகப் பார்த்தது. அவள் விடவில்லை, சிரிப்பாகவே முடித்தாள்.

ஃபோஸ்கா முறைத்துக்கொண்டே ஜெபமாலையை ஆரம்பித்தாள். ஊரில் எந்தச் சாவுக்கும் அவள்தான் முன்சொல்கிறவள், குரல் அப்படி. பறவை உள்ளே வரும்போதெல்லாம் குஞ்சுகள் கூச்சலிட்டன. அவள் குரலை ஏற்றினாள். அவையும் ஏற்றின. ஜெபமாலையின் மூன்றாம் பகுதியில் அவள் முகம் சிவந்து, அருள்நிறை மரியே என்பது அதட்டல் மாதிரி வந்தது.

பங்குச்சாமி தொன் உகோலினோ கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஃபோஸ்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா. நீ கத்தக் கத்த அதுங்களும் கத்துது."

அதன்பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். இல்தேயின் கையில் குடை சாயத் தொடங்கியது. துயீலியோ வந்து குடைக்காம்பை வாங்கப் பார்த்தான்.

"தொடாத" என்றாள். அவன் தொடவில்லை.

ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஃபோஸ்கா மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து, இல்தேயின் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தாள். உத்தரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஓரம் சரிசெய்தாள்.

"ஆறிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குளிர்பலகை முனகிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்குத்தான் இல்தே துணியும் வாளியுமாக இந்த அறைக்குள் வருவாள். அவனும் பின்னாலேயே வருவான். அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஃபோஸ்கா நன்றாகவே சவரம் செய்துவிட்டிருந்தாள். காது மடலில் மட்டும் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு விட்டுப்போயிருந்தது.

"பாத்தியா?" என்றாள். "ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்ட. கோட்டப் பாரு, கழுத்தப் பாரு. கூட்டுக்குக் கீழ ஒரு பலகை அடின்னு எத்தன தடவ சொன்னேன்? அடிச்சியா? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லியே ஓட்டிட்டே. நான் சொன்னேனா இல்லையா? வாயத் தொறந்து சொல்லு."

அவன் பதில் சொல்கிற இடம் வந்தது. இல்தே நிறுத்தினாள். எப்போதும் அவன் எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

வாய் நிறையப் பூச்சியோடு பறவை ஜன்னலுக்குள் நுழைந்து, குடையைச் சுற்றி வளைந்து, மேலே போனது.

இல்தே குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.