வாரத்தில் மூன்று நாள் எட்டு

தப்பு என்னுடையதுதான். ஆனால் நல்ல எண்ணத்தில் செய்த தப்பு.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரி இருக்கிறாள். முன்னறை கடை, பின்னறை வீடு. புருஷன் லாரி ஓட்டியவர்; முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் நலத்துறை ஓர் உதவியாளரை அனுப்புகிறது, அரசாங்கச் செலவில். குளிப்பாட்டுவார், புரட்டிப் படுக்கவைப்பார், கால் நீவிவிடுவார். அந்த மூன்று நாளும் தையல் மிஷின் சத்தம் என் மாடிவரை கேட்கும். மற்ற நாளில் கேட்காது. நான் வேண்டுமென்று காது கொடுப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, என்ன செய்ய?

போன வாரம், மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அரசாங்கம் ஆள் அனுப்பியது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டுமாம். எதிர்க் கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட கையோடு கீழே தையல்காரியிடம் ஓடினேன்.

"ஏன்டி, ஒண்ணுக்கு மேல சொல்லிடாத. சந்தோஷமா இருக்கேன்னு தெரிஞ்சா, அப்புறம் உனக்கெதுக்கு ஆளுன்னு நிறுத்திடுவாங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. உதவியாளர் நின்றால் கடையும் நிற்கும்.

கணக்கெடுக்கும் பெண் வந்தபோது, பட்டன் அறுந்த சட்டை ஒன்றோடு நானும் அங்கே இருந்தேன். தற்செயலாகத்தான். தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஒண்ணு" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் வெடிச்சிரிப்பு. உதவியாளர் ஏதோ கதை சொல்லிக்கொண்டே கால் நீவுகிறார்.

"யாரு சிரிக்கிறது?"

"அவருக்கு வலி வந்தா அப்படித்தான்," என்றேன் நான்.

"எனக்கு எட்டு போடும்மா!" என்று உள்ளேயிருந்து புருஷனின் குரல்.

"நீங்க சும்மா கெடங்க!" என்று கத்தினாள் தையல்காரி.

அந்தப் பெண் விடவில்லை. "நெஜமாவே ஒண்ணா அக்கா?"

பாவம், பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. எல்லோரும் என்னைப்போல் இருப்பார்களா? "அந்த ஆளு வர்ற மூணு நாளும் எட்டு. மத்த நாலு நாளும் ரெண்டு. எட்டுன்னு போட்டா அவரை நிறுத்திடுவீங்கல்ல?"

"யாரு சொன்னது?"

தையல்காரி என்னைப் பார்த்தாள். நான் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தைப் பார்த்தேன்.

"இதுல உங்க பேரே கிடையாதுக்கா. யாரையும் நிறுத்த மாட்டாங்க. ஆனா ஒரு நம்பர்தான் போட முடியும். சராசரியா சொல்லுங்க."

"சராசரியா நான் ஒருநாள்கூட இருந்ததில்லையேம்மா."

"மத்த நாளுக்கும் ஆள் கேட்டு மனு குடுத்தீங்களா?"

"கேக்கப்போய் இருக்கறதும் போயிடுமோன்னு விட்டுட்டேன்."

அந்த யோசனையும் நான் கொடுத்ததுதான். நல்லவேளை, யார் என்று கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் போனில் ஐந்து என்று தட்டிவிட்டுப் போனாள். நாட்டின் சந்தோஷத்தில் எங்கள் கீழ்த்தளத்தின் பங்கு ஐந்து.

மறுநாள் உதவியாளர் வராத நாள். தையல்காரி கடையை மூடிவிட்டு நலத்துறை ஆபீசுக்குக் கிளம்பினாள். "நீங்கதான் அக்கா அவரைப் பாத்துக்கணும்," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

மூன்று மணி நேரம். ஐந்து முறை புரட்டினேன். லாரி ஓட்டியவர் கனத்திலும் லாரிதான். கதை சொல்ல எனக்கு மூச்சு எங்கே மிச்சம்?

அவள் முகம் நிறையச் சிரிப்போடு திரும்பினாள். "மனு வாங்கிக்கிட்டாங்க அக்கா! இருக்கற நாளுல கை வைக்க மாட்டாங்களாம். இன்னும் ரெண்டு நாள் கேட்டிருக்கேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "ரெண்டா? ஏன்டி, நாலையும் கேட்டிருக்கக் கூடாது?"

"அப்போ நாளைக்கும் நீங்களே வந்து இருங்க. போய் நாலுன்னு மாத்திட்டு வந்துடறேன்."