இரண்டு ஐம்பது மாகறல் வண்டி

காஞ்சிபுரத்தில் எந்த பஸ் எப்போது வரும் என்று பலகையைப் பார்த்தால் ஒரு நேரம் இருக்கும், கண்டக்டரைக் கேட்டால் இன்னொரு நேரம் சொல்வார். உண்மையில் வருகிற நேரம் தெரிய வேண்டுமென்றால் சத்யப்ரியாவின் வலைப்பூவைத்தான் பார்க்க வேண்டும். ‘பிரியா பஸ் டைம்’ என்று பெயர். நான்கு வருடமாக எழுதுகிறாள். இருநூற்றுப் பதினான்கு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் அவளே ஸ்டாப்பில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று நாள் சரிபார்த்த பிறகுதான் போடுவாள். கேள்விப்பட்டதைப் போடவே மாட்டாள். அவள் வேலை செய்வதோ வாலாஜாபாத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊரே கறிக்கடையில் நிற்கும்போது இவள் முசரவாக்கம் ரோட்டில் வெயிலில் நின்று பஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். பைத்தியம் என்று சொல்லுங்கள், கோபமே வராது. ஆனால் “பிரியா போட்டா கரெக்டா இருக்கும்பா” என்று பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறே வேண்டாம். அந்த ஒரு பேர்தான் அவள் சம்பாதித்தது.

அப்படி இருந்தவளுக்குச் சித்திரை மாதத்தில் ஒரு சக்களத்தி முளைத்தாள்.

சக்களத்தி என்பது அவள் புருஷன் வேல்முருகன் வைத்த பெயர். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன், வாய் சும்மா இருக்காது. புதிதாக வந்த வலைப்பூவின் சொந்தப் பெயர் ‘நாங்க நிக்கிற ஸ்டாப்பு’. எழுதுவது யார் என்று எங்கேயும் இல்லை. அதில் பஸ் நேரம் மட்டுமா இருந்தது? “ஆறு பத்து வாலாஜாபாத் வண்டி வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம் லேட், டிரைவர் அண்ணன் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்.” “முகூர்த்த நாளில் எட்டரை வண்டியில் பட்டு எடுக்க வருகிற கூட்டம் இருக்கும், பின்பக்கமாக ஏறுங்கள்.” “மழை பெய்தால் மாகறல் வண்டி கோயில் வரைக்கும் போகாது, கூட்ரோட்டிலேயே திரும்பிவிடும்.” இதெல்லாம் சத்யப்ரியாவுக்கே தெரியாத சங்கதிகள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது, படிக்காமலும் இருக்க முடியவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன் அதைத் திறந்துவிடுவாள்.

“இன்னா, இன்னிக்கு சக்களத்தி இன்னா எழுதிக்கினு இருக்கறா?” என்பான் வேல்முருகன்.

“போய் உன் வேலையைப் பாரு.”

யார் இது? கண்டக்டரா? டெப்போவில் உட்கார்ந்திருக்கிற யாராவதா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினாள். ஒரே செவ்வாய்க்கிழமை, ஏழு நாற்பதுக்கு மாகறலில் வண்டி வந்ததாக எழுதியிருந்தது. அதே நாள் ஏழு நாற்பத்தைந்துக்கு வாலாஜாபாத்தில் வந்ததும் எழுதியிருந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆள் பறந்து போனால்தான் உண்டு. நின்று பார்க்கவில்லை, அப்படியென்றால் எங்கேயிருந்தோ எடுத்துப் போடுகிறார்கள். எங்கேயிருந்து? நேரத்தையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தாள். நிமிஷம் பிசகாமல் அவள் போட்டதேதான். சரியான நேரத்தை யார் எழுதினாலும் ஒரே நேரமாகத்தானே இருக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. வயிறு எரியும்போது மூளை எங்கே வேலை செய்யும்? தினமும் இரண்டாயிரம் பேர் பார்த்த அவள் பக்கத்தை இப்போது தொள்ளாயிரம் பேர்தான் பார்த்தார்கள். திருடுகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தாள். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாக மாகறல் போகிற வண்டிகளின் பட்டியலில், இரண்டு பதினைந்துக்கும் மூன்றரைக்கும் நடுவில், ஒரு வரி சேர்த்தாள். ‘பிற்பகல் 2.50, ஓரிக்கை ஸ்டாப்’. அப்படி ஒரு வண்டி உலகத்திலேயே கிடையாது. சக்களத்தி அதையும் போட்டால் திருட்டு வெளிச்சமாகிவிடும். உச்சி வெயிலில் அந்த நேரத்துக்கு யார் வந்து நிற்கப்போகிறார்கள், யாருக்கும் கஷ்டமில்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நான்கு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

வியாழக்கிழமை சாயந்திரம் கடையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் சக்களத்தியின் பக்கத்தைத் திறந்தாள். இருந்தது! ‘2.50 மாகறல் வண்டி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பே போட்டிருந்தது. சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மானத்தை வாங்கிவிட வேண்டியதுதான் என்று கீழே தள்ளிப் படித்தாள்.

“பிரியா பஸ் டைமில் இந்த வண்டி புதிதாக வந்திருக்கிறது. செவ்வாய்: நின்றோம், வரவில்லை. எட்டு பேர் இருந்தோம். புதன்: வரவில்லை. பதினோரு பேர். வியாழன்: வரவில்லை. பிரியா மேடம் தப்பாகப் போட மாட்டார், அதனால் நாளைக்கும் நின்று பார்ப்போம். யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். பிரவீனா, தையல் கடை, ஓரிக்கை ஸ்டாப் எதிரில்.”

சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. முதல் முறையாக அடியில் ஒரு பேரும் இருந்தது. மூன்று நாள், உச்சி வெயிலில், இல்லாத பஸ்ஸுக்காக எட்டு பேரும் பதினோரு பேரும் நின்றிருக்கிறார்கள். அதுவும் அவள் பேரை நம்பி. வீட்டுக்கு வந்து வேல்முருகனிடம் சொன்னாள். அவன் கிண்டல் செய்வான், திட்டு வாங்கிக்கொண்டு மனசு ஆறலாம் என்று பார்த்தால், அவன் ரிப்பேருக்கு வந்த மிக்ஸியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான். அதுதான் இன்னும் குத்தியது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓரிக்கைக்குப் போனாள். இரண்டரை மணி. ஸ்டாப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். கழுத்தில் அளவு டேப் தொங்க, முப்பது வயதுக்குள் ஒரு பெண், கையில் போனை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றாள். பிரவீனா இவள்தான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் பக்கத்தில், காலி டிபன் தூக்கோடு ஒரு அம்மாள் கல்லின்மேல் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பிரவீனா, நாலு நாளாச்சு. வண்டியும் காணோம், கிண்டியும் காணோம்.”

“இருங்க கங்கையம்மா. பிரியா மேடம் நின்னு பாக்காம ஒரு வண்டி போட்டதே கிடையாது. டெப்போவுல நிறுத்திட்டிருப்பாங்க. அவங்கள தப்பு சொல்லாதீங்க.”

சத்யப்ரியாவுக்குத் தப்பிக்கிற வழி அங்கேயே கிடந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய், ‘இந்த வண்டி நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் பேர் பத்திரம். ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது. திரும்பி இரண்டடி நடக்கவும் செய்தாள். மூன்றாவது அடி எழவில்லை.

“நான்தாங்க பிரியா,” என்றாள். “அந்த வண்டி கிடையாது. நானா எழுதுனது.”

கங்கையம்மாள் கல்லிலிருந்து எழுந்தாள்.

“ஏம்மா, நீ நல்லாருப்பியா? ஸ்கூல்ல இருநூறு புள்ளைங்களுக்கு சத்துணவு ஆக்கிப் போட்டுட்டு வர்றேன். ரெண்டு பதினஞ்சு வண்டியில கால் வைக்க எடமில்ல. நீ போட்டிருக்கியேன்னு அத வுட்டுட்டு நிக்கிறேன். மூணரை வண்டில ஏறி வூடு போறதுக்குள்ள கொழாயில தண்ணி நின்னு பூடுது. மூணு நாளா அடுத்த வூட்டுல கெஞ்சி தெனம் ஒரு கொடம் தண்ணி வாங்கறேன். வெளையாட்டா இருக்குதா ஒனக்கு?”

“தப்புதாம்மா,” என்றாள் சத்யப்ரியா.

பிரவீனா திட்டவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. “எதுக்குக்கா இப்படிப் பண்ணீங்க?”

“நீங்க என்னைப் பாத்து காப்பி அடிக்கறீங்கன்னு நெனச்சேன். அஞ்சே நிமிஷத்துல மாகறல்லயும் வாலாஜாபாத்லயும் ஒரு ஆள் எப்படி நிக்க முடியும்?”

“ஒரு ஆள்னு யாருக்கா சொன்னது? பேரே ‘நாங்க’ தானே? மாகறல்ல டீக்கடை முனுசாமி அண்ணன், வாலாஜாபாத்ல ரைஸ் மில்லு வாட்ச்மேன் ராமராஜன் அண்ணன், இங்க நான். மொத்தம் பதினோரு பேரு. அவங்கவங்க ஸ்டாப்ப அவங்கவங்க பாத்து எழுதறோம்.” அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் சுற்றினாள். “அதையும் மொதல்ல உங்களுக்குத்தான் எழுதனோம். நான் மட்டும் நாப்பத்தி மூணு தபா எழுதனேன். உங்க பக்கத்துல கமெண்ட் போட்டா, ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்னு வரும். வரவே வராது. சரி, மேடத்துக்குப் புடிக்கல போலன்னுட்டு, அதுக்கப்புறம்தான் தனியா ஆரம்பிச்சோம்.”

சத்யப்ரியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வலைப்பூ தொடங்கிய முதல் மாதம் எவனோ ஒருவன் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான். அவள் பார்த்துச் சரி என்றால்தான் எதுவும் வெளியே தெரியும் என்று அன்றைக்குப் பூட்டினாள். பூட்டியவள் திறந்தே பார்க்கவில்லை. நின்று சரிபார்க்கிறவள் அவள், மற்றவர்கள் சொல்லி என்ன தெரியப்போகிறது என்கிற எண்ணம். அங்கேயே போனை எடுத்துத் தேடிப் பிடித்துத் திறந்தாள். அறுநூற்றுப் பதினோரு கருத்துகள் காத்திருந்தன.

அடியில் கிடந்தது, நான்கு வருடத்துக்கு முந்தியது, ராமராஜன் என்று பேர் போட்டிருந்தது. “மேடம், இந்த வாரம் சாயந்திரம் ஆறு பத்து வண்டி ஆறு மணிக்கே போய்விடுகிறது. நேற்று எங்கள் மில் எதிரில் நீங்கள் ஓடி வந்தும் வண்டியை விட்டுவிட்டதைப் பார்த்தேன். நாளைக்குச் சீக்கிரம் வாருங்கள்.”

அந்த வாரம் மூன்று நாள் அந்த வண்டியை விட்டாள். கடை விட்டு வந்து, அடுத்த வண்டிக்காக இருட்டும் வரை அங்கே நின்றது இன்றைக்கும் மறக்கவில்லை. சொல்ல ஒரு மனிதன் இருந்திருக்கிறான், சொல்லியும் இருக்கிறான். ரோடு என்றும் பார்க்காமல் அழுதாள். வெட்கத்தில் வந்த அழுகையா, அத்தனை பேர் கூட இருந்தது தெரியாமல் தனியாகவே நின்றோமே என்று வந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

பிரவீனா கடையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கங்கையம்மாள் மட்டும் இறங்கி வரவில்லை.

“அழுதுட்டா ஆச்சா? எழுதனது நீதானே, நீயே எழுது இல்லேன்னு.”

“எழுதறேம்மா. அந்த வரியை இப்பவே எடுத்துடறேன்.”

“எடுத்துட்டு? வண்டி பொய்யி, சரி. நாலு நாளா நிக்கிறோமே நாங்க, நாங்களும் பொய்யா?”

சத்யப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கங்கையம்மாளோ, அத்தனை பெரிய விஷயத்தைச் சொன்னதாகவே தெரியாமல், மறுபடி காலைப் பிடித்துவிட ஆரம்பித்திருந்தாள்.

மூன்றரை வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். பிரவீனா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தாள். “2.50 மாகறல் வண்டி கிடையாது. ‘நாங்க நிக்கிற ஸ்டாப்பு’ என்னைப் பார்த்து எழுதுகிறது என்று சந்தேகப்பட்டு, மாட்டிவிடுவதற்காக நான் போட்ட பொய் அது. அவர்கள் காப்பி அடிக்கவில்லை. என்னை நம்பி நான்கு நாள் வெயிலில் நின்றார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். வண்டி பொய், ஆனால் அந்த நேரத்துக்கு ஏற ஆள் இருப்பது உண்மை. உங்களுக்கும் வேண்டுமென்றால் கீழே பேரும் ஸ்டாப்பும் எழுதுங்கள். இனிமேல் இங்கே யார் எழுதினாலும் உடனே வெளியாகும்.” பிறகு பழைய பூட்டைத் திறந்தாள். அறுநூற்றுப் பதினொன்றில் அசிங்கமானது ஒன்றே ஒன்றுதான். அதை அழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெளியே விட்டாள்.

மறுநாள் கடையில் வலைப்பூவைத் திறந்து கருத்துகளை நோட்டம் விட்டாள். திட்டு இருந்தது, இல்லாமல் இருக்குமா? “உங்களை நம்பினோம் பாருங்கள்” என்று ஒருவர். “இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்று சந்தோஷ்குமார் என்பவர். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நடுநடுவே பேர்களும் இருந்தன. திரிஷா, காலேஜ், ஓரிக்கை. கமல், தறிக்குப் பாவு நூல் மூட்டையோடு போகிறவன், பஸ் ஸ்டாண்டு. செல்லியம்மாள், மாகறல், பேரன் டைப் செய்தது. எண்ணிப் பார்த்தாள், எழுபத்து நான்கு பேர்.

மத்தியானம் ஒரு பிரேமுக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. எழுபத்தைந்தாவது.

“நான் மாகறல் ரூட் டிரைவர். பேர் வேண்டாம். ரெண்டே முக்காலிலிருந்து மூணரை வரைக்கும் காலி வண்டியை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன். இத்தனை பேர் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு டெப்போவில் மனு கொடுங்கள்.”

சத்யப்ரியா அதை இரண்டு முறை படித்தாள். பொருத்திய லென்ஸை அப்படியே கீழே வைத்துவிட்டு பிரவீனாவைப் போனில் கூப்பிட்டாள்.